ஒரு ராத்தல் தானியமும் முந்நூறு ரூபாயும்

சில வருடங்களுக்கு முன்பு வட மாவட்டம் ஒன்றில், ஏரிக்கரையை ஒட்டிய காலனி ஒன்றில் களப்பணி செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரியம்மா இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. செங்கல் சூளையில் உட்கார்ந்தபடியே கல் அறுத்து அறுத்து இன்னொரு காலும் இடுப்பும் போய்விட்டன. மாதாமாதம் வந்துகொண்டிருந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாவது மாதம் என்னைத் தேடி வந்தார்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். நாலு தடவை நடந்த பிறகு காரணம் தெரிந்தது. கள விசாரணையில் அவர் 'உழைக்கும் நிலையில் உள்ளார்' என்று எழுதிவிட்டார்கள். எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்றால், அவர் பெயர் நூறு நாள் வேலையில் இருந்தது. ஏரி வேலைக்குப் போனது உண்மைதான். ஆனால் மண் வெட்டவும் இல்லை, கூடை சுமக்கவும் இல்லை. மரத்தடியில் குடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஊனமுற்றவர்களுக்கு இப்படிப்பட்ட எளிய வேலை தர வேண்டும் என்பது அந்தத் திட்டமே சொன்னது. ஒரு திட்டம் கொடுத்த உரிமையை இன்னொரு திட்டம் குற்றமாக்கிவிட்டது.

"தம்பி, வேலைக்குப் போனா நல்லாத்தான இருக்கன்றாங்க. போவலன்னா சோம்பேறின்றாங்க. நான் இன்னாதான் பண்ணட்டும், நீயே சொல்லு" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சமூகவியலில் முதுகலைப் பட்டம் இருந்தது, பதில் இல்லை.

பென்ஷன் நின்றிருந்த எட்டு மாதங்களில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி இருந்ததால் பட்டினி கிடக்கவில்லை. முதலில் நின்றது காய்கறி, அப்புறம் எண்ணெய். அதன் பிறகு நின்றதுதான் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கி வருவதை நிறுத்திவிட்டார். மாத்திரை இலவசம்தான், ஆனால் போய்வர ஆட்டோவுக்குக் காசு வேண்டும். கட்டணமில்லாப் பேருந்து, படியில் ஏற முடிந்தவர்களுக்குத்தான். இருந்த இரண்டு ஆடுகளில் ஒன்று போனது. நின்றுபோன தொகை ஒரு சின்ன தொகை என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தச் சின்ன தொகைதான் அவரை மருத்துவத்தோடு இணைத்திருந்த கயிறு.

'உழைக்கும் நிலையில் உள்ளார்' என்ற அந்த வாசகம் என்னை விடவில்லை. இதை முதன்முதலில் எழுதியது யார்? எந்தக் கோப்பில்? தேடிப் போனால் அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வயது. அது கப்பலில் வந்த வாசகம்.

1834இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பு அங்கே ஒவ்வொரு வட்டாரமும் தன் ஏழைகளுக்கு ஏதோ ஒரு உதவி செய்துவந்தது. இதற்காகும் வரிச்சுமை ஏறிக்கொண்டே போகிறது, உதவி கொடுப்பதால்தான் ஜனங்கள் வேலைக்குப் போகாமல் கெட்டுப்போகிறார்கள் என்று நிலம் வைத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். நாசாவ் சீனியர், எட்வின் சாட்விக் என்ற இருவர் முக்கியப் பங்கெடுத்து எழுதிய அறிக்கையின் பேரில் புதிய சட்டம் வந்தது. அதன் சூத்திரம் எளிமையானது. உதவி பெறுபவரின் நிலை, ஊரிலேயே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் கை நீட்டுவார்கள். உடல் வலுவுள்ளவர்களுக்கு வீட்டில் உதவி கிடையாது; குடும்பத்தோடு 'வொர்க்ஹவுஸ்' எனப்பட்ட உழைப்பு விடுதிக்குள் போக வேண்டும். உள்ளே போனால் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைப்பார்கள். 1845இல் ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலையில் இருந்தவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைச் சப்பித் தின்றது வெளியே வந்து நாடே நாறியது. விடுதியை நடத்தியவர்கள், விதிப்படி கொடுக்க வேண்டிய சாப்பாட்டையும் குறைத்திருந்தார்கள்.

இந்தச் சட்டம் மனிதர்களை இரண்டாகப் பிரித்தது. உழைக்கத் தகுந்த உடல், உழைக்க இயலாத உடல். நோய், ஊனம், முதுமை எல்லாம் இரண்டாவது பெட்டி. எந்தப் பெட்டியில் போடுவது என்பதை முடிவு செய்வது அந்த உடலுக்குச் சொந்தக்காரர் அல்ல, ஓர் அதிகாரி. இந்த இரண்டு பெட்டிகளும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு பஞ்சத்தில்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாம் காய்ந்தன. அதே நேரம், 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் தடபுடலாக நடந்தது. அது முடிந்த கையோடு வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த சென்னைக்கு அனுப்பினார்.

இந்த டெம்பிளின் கதை விநோதமானது. மூன்று வருடங்களுக்கு முன்பு, 1874இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து, தாராளமாகக் கொடுத்து, கிட்டத்தட்ட யாரும் சாகாமல் பார்த்துக்கொண்டார். செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டல்ல, ஊதாரி என்ற திட்டு. ஜனங்களைக் காப்பாற்றுவது அரசின் கடமை என்று இந்தியர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்று லண்டனில் பொருமினார்கள். கெட்ட பெயரைத் துடைக்க டெம்பிளுக்குக் கிடைத்த வாய்ப்புதான் சென்னை. உதவியைக் குறைக்கும் அதிகாரிகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நாம் எளிதாக முடித்துவிடுகிறோம். பல நேரம் அவர்கள் மேலே இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் சாதாரண உத்தியோகஸ்தர்கள். அதுதான் இன்னும் ஆபத்து.

டெம்பிள் வந்து நிவாரண வேலைத் தளங்களைச் சுற்றிப் பார்த்தார். பட்டியலில் தேவையில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று பெரும் எண்ணிக்கையில் ஆட்களை நீக்கினார். கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம். கூடவே கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. இதற்கு வெயிலில் நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். வரலாற்றில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர். அவர் சொன்ன காரணம், கூடுதலாகக் கொடுத்தால் ஜனங்கள் அரசையே நம்பி இருந்துவிடுவார்கள் என்பது. எலும்பும் தோலுமாக இருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். டபிள்யூ. ஆர். கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். இவரும் வெள்ளைக்காரர்தான், இதே அரசின் ஊழியர்தான். இதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சிறைக் கைதிகளின் உணவில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர். ஒரு ராத்தல் தானியத்தில் ஒரு மனிதன் உழைக்க முடியாது, குறைந்தபட்சம் ஒன்றரை ராத்தல் தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். சில மாதங்களிலேயே சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. ஒன்றரை அவுன்ஸ் என்றால் நாற்பது கிராமுக்குச் சற்று மேல், ஒரு கைப்பிடி. அந்த ஒரு கைப்பிடிப் பருப்புக்கு அவ்வளவு கடிதப் போர்.

களத்தில் வேலை செய்யும் தோழர்கள் கார்னிஷைக் கவனிக்க வேண்டும். கருணை காட்டுங்கள் என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்காது. ஒரு உடலுக்கு எவ்வளவு வேண்டும், நீங்கள் கொடுப்பது எவ்வளவு என்று கணக்கை மேசையில் வைத்தார். அவரை நான் கொண்டாடவும் இல்லை. அவர் வாங்கித் தந்த பாதியும் பலருக்கு வந்து சேரும்போது நேரம் கடந்துவிட்டது. அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற சென்னை மருத்துவர், பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்து, 1889இல் ஒரு நூலாக எழுதினார். நீண்ட பட்டினியில் குடலே மெலிந்து சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு சாப்பாடு கொடுத்தாலும் உடல் ஏற்காது, வயிற்றுப்போக்காகப் போய்விடும். குறைந்த கூலியில் வேலை வாங்கி முதலில் அவர்களை நோயாளி ஆக்கினார்கள். நோயாளி ஆன பிறகு அவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள்.

பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியில் மக்களே எதிர்த்தார்கள். கூலி குறைப்பையும் தூரத்து முகாம்களுக்குப் போகச் சொன்னதையும் ஏற்காமல் பெருந்திரளாக வேலைத் தளங்களை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபா அவர்களுக்காக மனு எழுதியது. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது கிடையாது.

இனி தூரச் சோதனை. நிவாரணம் தேடுபவருக்கு அவர் ஊருக்குப் பக்கத்தில் வேலை கொடுக்கக் கூடாது, பத்து மைலுக்கு அப்பால்தான் கொடுக்க வேண்டும் என்றொரு ஏற்பாடு. உண்மையிலேயே பசித்தவன் நடந்து வருவான், நடிப்பவன் வர மாட்டான் என்பது தர்க்கம். கால் இல்லாதவர், கண் தெரியாதவர், காய்ச்சலில் கிடப்பவர், மாசமாக இருப்பவர் இந்தத் தர்க்கத்தில் எங்கே நிற்பார்கள்? நடக்க முடியாதவருக்குப் பசி இல்லை என்றாகிறது.

உழைக்கவே முடியாதவர்களுக்கு இலவச நிவாரணம் என்று ஒன்று இருந்தது. முகாமில் கஞ்சி, அல்லது கிராமத்திலேயே சிறு தொகை. கிராமத்தில் யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் கிராம அதிகாரிகள் வழியாகத்தான் போனது. மணியக்காரர், கணக்குப்பிள்ளை என்ற அந்தப் பதவிகளில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேரியில் ஒருவர் உண்மையில் படுத்த படுக்கையாக இருக்கிறாரா என்பதைச் சேரிக்குள் கால் வைக்காத ஒருவர் முடிவு செய்ய வேண்டும். படியாளுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்ட காலம் அது. விளைச்சல் இல்லை என்றால் படி அளக்க வேண்டிய பொறுப்பும் இல்லை என்று மிராசுதார் கையை விரித்தார். நிலம் இல்லை, சேமிப்பு இல்லை, குடிசை நிற்கும் மனையும் சொந்தமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பஞ்சமர்களின் இந்த நிலையை ஆவணப்படுத்தி அறிக்கை எழுதியதும், 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததும் இதற்குப் பதினைந்து வருடங்கள் கழித்து. தாது வருஷத்தில் முதலில் விழுந்தது நிலமற்ற பண்ணையாட்களும், துணி விற்காமல் போன நெசவாளர்களும். தப்பிக்க முடிந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் என்று சொல்ல வேண்டும்.

1877 கடைசிப் பகுதியில் வைஸ்ராய் லிட்டனே சென்னைக்கு வந்து முகாம்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஜனங்கள் வேலை செய்யாமல் கொழுத்துப்போய் பிக்னிக் போல ஜாலியாக இருக்கிறார்கள் என்ற தொனியில் எழுதினார். அதே பஞ்சத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இணையத்தில் இருக்கின்றன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். லிட்டன் பார்த்ததும் ஹூப்பரின் கேமரா பார்த்ததும் ஒரே மாகாணத்தைத்தான். பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கு மேல் வரை என்று பல மதிப்பீடுகள் உள்ளன. 1871இல் இருந்த மக்கள்தொகையைவிட 1881இல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. சென்னையில் அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். பறக்கும் ரயிலில் போகும்போது ஜன்னலுக்குக் கீழே தெரிகிறதே, அது. பெயர் வெட்டியவர்களுடையது அல்ல, கவர்னருடையது.

வடசென்னையில் இன்றும் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னால் வளர்ந்து அந்த மருத்துவமனை ஆனது. பசியும் நோயும் ஒரே வாசலில் வந்து நின்ற வரலாறு அந்தப் பெயரில் இருக்கிறது. தனித்தனிப் பெட்டி போட்டது அரசுதான்.

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. உழைக்கத் தகுந்தவருக்கு வேலை, இயலாதவருக்கு இலவச உதவி, பிரித்துப் பார்க்க அதிகாரி. டெம்பிள் கூலியின் கொடூரம் குறைந்தது, பெட்டிகள் அப்படியே இருந்தன. அவை சுதந்திர இந்தியாவுக்கும் வந்தன. நம்ப முடியாதவர்கள் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்து மாநிலப் பட்டியலில் 9ஆவது இனத்தைப் பாருங்கள். ஊனமுற்றோருக்கும் வேலைக்கு அமர்த்த இயலாதோருக்குமான நிவாரணம் என்று இருக்கும். உரிமை என்று இல்லை, நிவாரணம் என்றுதான் இருக்கிறது. பஞ்ச காலத்துச் சொல்.

அதே அரசியல் சட்டத்தில் 41ஆவது பிரிவும் இருக்கிறது. வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றில் அரசின் உதவி பெறும் உரிமையை உறுதி செய்ய வேண்டும் என்கிறது. இங்கே உரிமை என்ற சொல் வந்துவிட்டது. ஆனால் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற வாலும் சேர்ந்து வந்தது. அது வழிகாட்டு நெறிகளில் இருப்பதால் இதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் கேட்க முடியாது. பாபாசாகேப் இதைவிட அதிகம் நினைத்திருந்தார். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும், இதை மாற்ற முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் உருவானதுதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் அடித்தளம்; 1948இல் அது இ.எஸ்.ஐ. சட்டமானது. உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்ற ஏற்பாடு ஆலைத் தொழிலாளிக்கு அப்படி வந்தது. வயலில் நாற்று நடுபவருக்கும், சூளையில் கல் அறுப்பவருக்கும், சாக்கடை அள்ளும் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் பெரும்பாலும் வரவில்லை. இந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்பதால்தான் இது சாதிப் பிரச்சினை. உடலைத் தேய்க்கும் வேலைகள் சாதியால் ஒதுக்கப்பட்டவை. தேய்ந்த உடலுக்கான காப்பீடு அந்த வேலைகளுக்கு வெளியே வைக்கப்பட்டது. பென்ஷன் வரிசையில் நம் மக்கள் இவ்வளவு பேர் நிற்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் 1962இல் முதியோர் உதவித்தொகை 20 ரூபாயில் தொடங்கியது. ஊனமுற்றோருக்கு 1974இல். திட்டத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்று இருக்கும். உழைக்க முடியாது என்று மட்டும் நிரூபித்தால் போதாது, உனக்குச் சோறு போட ஒருவரும் இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். ஒரு மகன் தனிக்குடித்தனம் போய் திரும்பிப் பார்க்காவிட்டாலும், காகிதத்தில் அவன் ஆதரவுதான்.

ஒன்றிய அரசு 1995இல்தான் தேசிய சமூக உதவித் திட்டத்துடன் வந்தது. 2009இல் ஊனமுற்றோருக்குத் தனியாக மாதம் 200 ரூபாய். 2012இல் அதை 300 ஆக்கினார்கள். அதோடு சரி. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த 300 ஏறவில்லை. ஏற்றுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பச் சொல்லியும் ஏறவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். சட்டப்படி 40 சதவீதம் இருந்தாலே ஊனச் சான்றிதழ் பயன்களுக்குத் தகுதி. ஒன்றிய பென்ஷனுக்கு மட்டும் அதன் இரண்டு மடங்கு.

ஒரு கணக்குப் போடுவோம், கார்னிஷ் மாதிரி. 300 ரூபாய் என்றால் நாளுக்கு 10 ரூபாய். கடையில் சாதா அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 கிராம் வாங்கலாம். டெம்பிள் கொடுத்தது 450 கிராம். ஒப்பீடு முழுக்கச் சரியில்லை என்று எனக்குத் தெரியும். டெம்பிள் கூலி நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு கொடுத்தது. இன்று ரேஷன் அரிசி இருக்கிறது. தமிழ்நாடு தன் பணத்தைப் போட்டு 2023 ஜனவரி முதல் உதவித்தொகையை 1,500 ஆக்கியிருக்கிறது. அது நாளுக்கு 50 ரூபாய். அந்த அரிசியும் அந்த 50 ரூபாயும் இல்லாத மாநிலங்களில் நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். 2016இன் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்குத் தரும் இதே போன்ற உதவியைவிட ஊனமுற்றோருக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023 நிலவரப்படி முதியோருக்கு 1,200, இவர்களுக்கு 1,500. மிகச் சரியாக 25 சதவீதம், ஒரு ரூபாய் கூடுதலில்லை. சட்டத்தில் 'குறைந்தபட்சம்' என்று எழுதியதை அரசுகள் எப்போதும் 'அதிகபட்சம்' என்றுதான் வாசிக்கும்.

300 ரூபாயை யாரும் குறைக்கவில்லையே என்று ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. டெம்பிள் ஆணை போட்டுக் குறைத்தார், அதனால் கார்னிஷ் எதிர்த்து எழுத முடிந்தது, தக்காணத்தில் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. இன்று ஆணையே தேவையில்லை. தொகையை அப்படியே விட்டுவிட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடும். யார் பெயரும் அதில் இருக்காது. எதிர்த்து மனு கொடுக்க ஒரு தேதிகூடக் கிடைக்காது.

இதெல்லாம் ஏழை நாட்டின் கதை என்று நினைக்க வேண்டாம். வாசகம் புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போவோம். இங்கிலாந்தில் 2008 முதல், நோயாலும் ஊனத்தாலும் வேலை செய்ய முடியாதவர்களுக்கு வேலைத் திறன் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். அதை நடத்தும் ஒப்பந்தம் அட்டோஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. கையைத் தூக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நகர முடிகிறது என்று கேட்டுப் புள்ளி போடுவார்கள். புள்ளி போதவில்லை என்றால் வேலைக்குத் தகுதியானவர். 2017 ஏப்ரலில், இப்போது வேலை செய்ய முடியாது, ஆனால் பிற்பாடு முடியலாம் என்று வகைப்படுத்தப்பட்ட புதிய விண்ணப்பதாரர்களுக்கு வாரத்துக்கு 29 பவுண்டு 5 பென்ஸ் குறைத்தார்கள். 102 பவுண்டில் வாழ்ந்திருக்க வேண்டியவருக்கு 73 பவுண்டு. கூடுதல் பணம் வேலை தேடும் ஆர்வத்தைக் கெடுக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவருக்கும், நடுக்குவாதம் வந்தவருக்கும் ஆர்வம் குறைவாம். 2016இல் ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமைக் குழு, பிரிட்டனின் நலத்திட்ட வெட்டுகளை விசாரித்து, ஊனமுற்றோரின் உரிமைகள் கடுமையாகவோ திட்டமிட்ட முறையிலோ மீறப்பட்டதற்கு ஆதாரம் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பிரிட்டனில் சக்கர நாற்காலிகளோடு தெருவில் இறங்கியவர்களுக்கும் ஏரிக்கரையில் தண்ணீர் கொடுத்த பெரியம்மாவுக்கும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். நிற்கும் இடம் ஒன்றல்ல. அவர்களுக்குக் குறைந்தது 29 பவுண்டு, இவருக்கு நின்றது முழுவதும்.

மேல்முறையீட்டு மனு எழுதும்போது இந்த வரலாறு எனக்கு ஒரு விதத்தில் உதவியது. முதல் மனுவில் "ஏழை, நோயாளி, கருணை கூர்ந்து" என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். எந்தத் தேதியில் யார் வந்து விசாரித்தார்கள், எந்த மருத்துவ ஆதாரத்தை வைத்து உழைக்கும் நிலை என்று எழுதினார்கள், அந்த அறிக்கையின் நகல் வேண்டும். அவர் ஏரியில் செய்த வேலை எது என்பதைப் பணித்தளப் பொறுப்பாளரிடம் எழுதி வாங்கி இணைத்தேன். அரசு மருத்துவரின் சதவீதச் சான்றிதழையும் வைத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரவே இல்லை. ஆனால் பதில் வர வேண்டிய கெடு நெருங்கியபோது கோப்பு நகர்ந்தது.

எட்டாவது மாதம் பணம் வந்தது. நின்றுபோன மாதங்களின் நிலுவை வரவில்லை. அதற்கு இன்னொரு மனு போடலாம் என்றேன். "வந்தத கெடுத்துடாத தம்பி" என்றார் பெரியம்மா. நான் வற்புறுத்தவில்லை, செய்திருக்க வேண்டுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்த வருடம் ஏரி வேலை தொடங்கியபோது அவர் பெயர் கொடுக்கவில்லை. கொடுத்தால் வேலை கிடைக்கும் என்று பொறுப்பாளரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். மரத்தடியில் தண்ணீர்க் குடத்தோடு வேறொருவர் உட்கார்ந்தார். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து, வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.